கிளினிக்குக்குப் போகும் வயர்

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். எண்பதுகளின் கடைசியில், மலேசியாவின் கோலா சிலாங்கூர் பக்கம் நான் பிறந்த எஸ்டேட் ஆபீசிலேயே கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வழியாகத் தலை நிமிர்ந்து நடந்தேன்.

சம்பளக் கணக்குப் புரோகிராமின் மூல நிரல் கோலாலம்பூரிலிருந்து டெலிபோன் வழியாக வரவேண்டும். அதை வைத்து எங்கள் கம்ப்யூட்டரிலேயே புரோகிராமை உருவாக்கவேண்டும். ஆனால் நிரல் ஊர்ந்து வந்தது. காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். எஸ்டேட்டின் மறுகோடியில் இருந்த கிளினிக்குக்கும் அதே லைன்தான். அங்கே போனைத் தூக்கும்போதெல்லாம் வந்துகொண்டிருந்த பகுதி கெட்டு, மறுபடியும் வரவேண்டியிருந்தது. அன்று காலை யாரிடமும் சொல்லாமல், எங்கள் ஆபீசிலிருந்து கிளினிக்குக்குப் போகும் வயரைக் கழற்றினேன். நிரல் ஓடி வந்தது. மாலைக்குள் புரோகிராம் தயார்.

"கெட்டிக்காரி லா நம்ம பொண்ணு!" என்றார் ஆபீஸ் கணக்கரான கிராணி.

அப்போது கிளினிக்கில் வைத்தியம் பார்க்கும் டிரஸர் வியர்க்க வியர்க்க வந்தார். "ஆம்புலன்ஸ் கூப்பிட முடியலம்மா. பிரசவ வலிக்காரிய லோரியில ஏத்தி அனுப்பினேன், வழியிலேயே பெத்துட்டா. ரெண்டு உசுரும் தப்பிச்சதே பெருசு. போன் செத்துக் கெடக்கு. உனக்கும் கோளாறா?"

"ஆமாண்ணே, காலையிலேருந்தே," என்றேன்.

"பாவம், நீயும் கஷ்டப்பட்டியா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

லோரியில் பெற்ற அந்தத் தாய் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். பிறந்த குழந்தையின் வாயில் முதலில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பவரின் குணம் அதற்கு வரும் என்பது எங்கள் நம்பிக்கை.

"நீயே வையி தங்கச்சி. உன்னை மாதிரி வரட்டும்."

மறுக்கக் காரணம் சொல்லத் துணிவில்லை. சர்க்கரைத் தண்ணீரில் தொட்ட விரலை அந்தச் சின்ன உதட்டில் வைத்தேன். என் குணம் இதற்கு வரவே வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன்.