மதினி கேட்ட லீவு

அன்று காலை மில் சங்கு ஊதவில்லை. ஆரப்பாளையத்தில் ஒரே முற்றத்தைச் சுற்றியிருந்த எங்கள் வளவு வீடுகளில் குடியிருந்தவர்கள் எல்லோரும் அந்தச் சங்கைக் கேட்டுத்தான் எழுவார்கள். அது ஊதாததால் வெயில் முற்றத்துக்கு வந்த பிறகும் பலர் பாயிலேயே கிடந்தார்கள். மதினி மட்டும் எழுந்து, தலையை முடிந்து, தூக்குவாளியில் பழைய சோற்றைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். அண்ணன் போய் விசாரித்து வந்தான். எஞ்சினில் ஏதோ பெரிய பாகம் முறிந்துவிட்டதாம். உலகச் சண்டைக் காலமாகையால் மாற்றுப் பாகம் வந்து சேரும்வரை மில் மூடித்தான் கிடக்கும் என்றான். "அப்ப இன்னைக்கு வேல இல்லையா?" என்று மதினி கேட்டாள். "இன்னைக்கு மட்டுமா? எப்பத் தொறப்பாகன்னே தெரியல." அவள் வாளியைக் கீழே வைத்தாள். உள்ளே போய்ச் சுவரோரமாகப் படுத்தவள் மறுநாள் மத்தியானம்தான் கண் விழித்தாள்.

மதினி என் அண்ணன் மனைவி. சமயநல்லூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில், அடுத்தவர் வயலில் நாற்று நட்டும் களையெடுத்தும் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவள். அண்ணனுக்கும் அதே மில்லில்தான் வேலை; நானும் அவளும் ஒரே பகுதியில் இருந்தோம். நூற்ற நூலை ராட்டில் சுற்றிச் சிட்டம் சிட்டமாக, கட்டுக்கட்டாக எடுப்பதும், ஓட்டத்தில் அறுந்த இழையைப் பிடித்து முடி போடுவதும் அங்கே பெண்களின் வேலை. அப்பா இறந்த பிறகு, எட்டாவதோடு படிப்பை விட்டு நானும் அங்கே போய்ச் சேர்ந்திருந்தேன். மதினியின் கை அவ்வளவு வேகம். வாயும் அதே வேகம். மேஸ்திரி நடப்பதைப் போலவே நடந்து காட்டுவாள். இயந்திரங்களின் இரைச்சலையும் மீறி அந்த வரிசைப் பெண்கள் சிரிப்பார்கள்.

மில் நின்ற அந்த வருடம், கோடையில் அவளுடைய குழந்தை இறந்துபோயிருந்தது. சுவரைப் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்த பெண் குழந்தை. வயிற்றுப்போக்கு என்று தொடங்கி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் முடிந்துவிட்டது. காரியம் முடிந்த மறுநாளே மதினி வேலைக்குப் போனாள். போகாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் வந்துவிடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. அது மட்டுமில்லை. "வேலையில நின்னா மறந்துரும்த்தா. வீட்ல ஒக்காந்தா அதையேதான் நெனச்சுக்கிட்டுக் கெடப்ப" என்று என் அம்மாவே அவளை அனுப்பிவைத்தாள். அம்மா கெட்டவள் இல்லை. அவளுக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான். குழந்தைக்கு இருந்த பால் மதினிக்கு இன்னும் வற்றவில்லை. ராட்டின் முன்னால் நிற்கும்போது ரவிக்கை நனைந்துவிடும். முந்தானையால் மூடிக்கொண்டு முடி போட்டுக்கொண்டிருப்பாள். அவள் அழுது நாங்கள் யாரும் பார்க்கவில்லை. வளவில் அதைத் தைரியம் என்று சொன்னார்கள். எனக்கு மட்டும் பயமாக இருந்தது. அவள் யாரையும் நடித்துக் காட்டுவதை விட்டுவிட்டாள். கூப்பிட்டால் இரண்டு மூன்று தடவை கழித்துத்தான் திரும்புவாள். தூக்கத்திலும் அவள் விரல்கள் இழையைத் தேடி அசைந்துகொண்டிருக்கும்.

மில் மூடியதும் வீட்டில் பட்டினி தலைகாட்டியது. ஆனால் மதினி தூங்கினாள். எழுந்து கஞ்சி குடித்துவிட்டு மறுபடியும் தூங்கினாள். நாலைந்து நாள் கழித்து, அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தை அப்படியே வைத்துவிட்டு அழத் தொடங்கினாள். வளவே கூடிவிட்ட அழுகை அது. அதன் பிறகு தன் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். துணைக்கு நானும் போனேன். அந்த ஊரில் எங்களுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. காலையில் கண்மாய்க்குப் போய்க் குளிப்போம். பிறகு வாய்க்கால் மேட்டில் புளியமர நிழலில் உட்கார்ந்து ஆடு மேய்வதைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஒருநாள் என் தலையை மடியில் வைத்து, முடியில் ஒட்டிக் கிடந்த பஞ்சைப் பிய்த்தெடுத்துக்கொண்டே மதினி சொன்னாள்: "பாப்பா, இம்புட்டு நாளா என் காதுக்குள்ள மிசினு ஓடிக்கிட்டே இருந்துச்சு. நேத்துத்தான் நின்னுச்சு. இப்பத்தான் புள்ள மொகம் எனக்குத் தெளிவாத் தெரியுது." அப்படிச் சொன்னபோது அவள் அழவில்லை. அன்று சாயங்காலம், கரையில் வழுக்கி நான் சேற்றில் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். குழந்தை போன பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு. ஓய்வு ஒரு மனுஷிக்கு என்ன செய்யும் என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அந்தக் கண்மாய்க் கரையில் கண்ணால் பார்த்தேன்.

மில் திறந்துவிட்டது என்று சொல்ல அண்ணன் வந்தான். மதினி முகத்தில் இருந்த வெளிச்சம் அணைவதை நானும் பார்த்தேன், அவனும் பார்த்தான். "அடுத்த அமாவாச வரைக்கும் இருந்துட்டு வாரேனே. கேட்டுப் பாருங்க" என்றாள். கல்யாணமானதிலிருந்து அவள் அவனிடம் எதையும் கேட்டதில்லை. அண்ணன் அன்றே திரும்பிப் போய் மேஸ்திரியிடம் கேட்டான். மேஸ்திரி என்ன சொன்னார் என்பதைப் பிற்பாடு பலமுறை அவனே சொல்லிக் கேட்டிருக்கிறேன். "மேலுக்குச் சரியில்லன்னா டாக்டருகிட்டச் சீட்டு வாங்கிட்டு வா, நானே மேல எடுத்துச் சொல்றேன். மனசு சரியில்லன்னா சீட்டு யாருப்பா குடுப்பா? எனக்கும் ஒண்ணு செத்துச்சு. மறுநாளே வந்து நின்னேன்ல?" அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லையாம். அண்ணன் தோளில் கை வைத்துத்தான் சொன்னாராம்.

மதினி திரும்பி வந்தாள். மூடிக் கிடந்த நாட்களை ஈடுகட்ட வேலை நேரத்தைக் கூட்டியிருந்தார்கள். பட்டாளத்துத் துணிக்கு நூல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக அவளை விட்டுப் போனது. முதலில் பேச்சு நின்றது. பிறகு சாப்பாடு குறைந்தது. "மறுபடியும் ஓடுது பாப்பா" என்று காதைத் தொட்டுக் காட்டினாள் ஒருநாள். இன்னொரு நாள், "புள்ள மூக்கு எப்படி இருக்கும்? உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். நான் சொன்னேன். மறுநாளும் அதையே கேட்டாள். மார்கழி முடியும் சமயம், மத்தியான இடைவேளையில் ராட்டுகள் நின்று எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். அவளைக் காணவில்லை என்று திரும்பிப் போய்ப் பார்த்தேன். நின்றுபோன ராட்டின் முன்னால் நின்று, இல்லாத இழையைப் பிடித்து முடி போட்டுக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்தேன். பிடித்த கைக்குள்ளும் விரல்கள் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் வேலைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள். பேய் பிடித்திருக்கிறது என்று சொன்னவர்கள் பேச்சைக் கேட்டு வேப்பிலை அடித்தார்கள். தர்காவுக்குக் கூட்டிப்போய் ஓதினார்கள். எதற்கும் குணமாகவில்லை. கடைசியில் அவள் அம்மா வந்து அழைத்துப்போனாள். நான் பார்க்கப் போனபோது அதே வாய்க்கால் மேட்டில், அதே புளியமரத்தடியில் உட்கார்த்திவைத்திருந்தார்கள். ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அமாவாசை வரைக்கும் என்று கேட்டவளுக்கு இப்போது எத்தனையோ அமாவாசைகள் கிடைத்திருந்தன. அவளுக்கு ஆடுகள் தெரியவில்லை, நான் தெரியவில்லை. "மதினி, நான்தான் வந்துருக்கேன்" என்றேன். விரல்கள் மட்டும் அசைந்தன.

இப்போது என் மகள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். போன மாதம் ஒருநாள் காலையில் புறப்படாமல் உட்கார்ந்திருந்தாள். என்னவென்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, மனசு ஒரு மாதிரியா இருக்கு. லீவு சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடிகிற ஒன்றா அது என்று நான் வெகுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தூங்கினாள். விரல்கள் அசைகின்றனவா என்று குனிந்து பார்த்தேன்.

சண்டை முடிந்த மறுவருடம் மதினி இறந்தாள். ஊரிலிருந்து ஆள் வந்து சொன்னபோது அண்ணன் மில்லில் இருந்தான். அதே மேஸ்திரியிடம் போய்ச் சொன்னான். அவர் கண் கலங்கிவிட்டதாம். "போயிட்டு வாப்பா. எம்புட்டு நாளு வேணும்னாலும் இருந்துட்டு வா, நான் பாத்துக்கிறேன்" என்று உடனே அனுப்பினார். அண்ணன் போனான். கொள்ளி வைத்தான். மறுநாள் காலையிலேயே திரும்பி வந்து இயந்திரத்தின் முன்னால் நின்றான். "அதுக்குள்ள ஏம்ப்பா வந்த?" என்று மேஸ்திரி கேட்டிருக்கிறார். "இனி எனக்கு எதுக்குண்ணே லீவு?" என்றானாம்.