தும்பைக்கும் வேம்புக்கும் நடுவே

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு வார்க்கும் கம்பெனி ஒன்றில், பர்சனல் டிபார்ட்மென்டில் நான் கிளார்க். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். புதுவாயலில் மாடியில் ஒற்றை அறை. கல்யாணம் நாலே வருடத்தில் முறிந்திருந்தது. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் என் பக்கத்து நியாயத்தை மட்டும்தான் எழுதுவேன். சொல்ல வந்தது என் தேனீக்களைப் பற்றி.

திருவள்ளூரில் பெண்களுக்கு என்று தேனீ வளர்ப்புப் பயிற்சி ஒன்று நடந்தது. ஒரே நாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. அறையில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு அங்கே போய் யாராவது பேசுவதைக் கேட்கலாமே என்றுதான் போனேன். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிட்டார்கள். கடைசிவரை உட்கார்ந்திருந்த எங்கள் நாலைந்து பேருக்கு ஆளுக்கொரு பெட்டியும் தேனீக்களும் கிடைத்தன.

வீட்டுக்கார அம்மா பெட்டியைப் பார்த்ததும் மாடிப்படியில் குறுக்கே நின்றார்.

"பசங்க இருக்கற ஊடும்மா இது. கொட்டிச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

நியாயமான கேள்விதான். ஆனாலும் ஒரு மாசம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்குக் கோபம் வந்தால் அப்படித்தான். மறுநாளே கம்பெனி மேனேஜரிடம் கெஞ்சி, கேன்டீனுக்குப் பின்னால், காம்பவுண்டு சுவர் மூலையில் இடம் வாங்கினேன். யாரையாவது கொட்டினால் அன்றைக்கே பெட்டி வெளியே போகவேண்டும் என்றார். சரி என்று தலையாட்டினேன்.

அந்த மூலையிலிருந்து சுவர் ஓரமாக, பின்னால் கட்டிடம் கட்டுவதற்கென்று விட்டிருந்த காலி நிலம் நீண்டு கிடந்தது. ஐப்பசி கார்த்திகை மழையில் முளைத்ததெல்லாம் தை பிறந்ததும் அங்கே பூத்துவிடும். முழங்கால் உயரத்துக்குத் தும்பை. அதற்கடியில், நீண்ட காம்பின் நுனியில் சட்டைப் பொத்தான் அளவு மஞ்சள் பூ வைக்கும் வெட்டுக்காயப் பூண்டு. ஓரமாக வேலிக்காத்தான் புதர். அதுவரை அதையெல்லாம் குப்பை என்றுதான் நினைத்திருந்தேன். தேனீ வந்த பிறகு எந்தச் செடி எப்போது பூக்கிறது என்று பார்த்துக்கொண்டு திரிந்தேன்.

கம்பெனி பஸ் எட்டு மணிக்கு இறக்கிவிடும். மாசிப் பனி மூடிய காலைகளில் பெட்டி வாசலில் ஒன்றுகூட இருக்காது. காதை வைத்துக் கேட்டால் உள்ளே மட்டும் ரீங்காரம். வெயில் சுவரைத் தாண்டிப் பெட்டியின் மேல் விழ ஒன்பதரை ஆகும். அதன் பிறகுதான் ஒன்று, இரண்டு, அப்புறம் கூட்டமாகக் கிளம்பும். தும்பையின் தேன் பனியில் நீர்த்துப் போயிருக்கும். வெயிலில் கொஞ்சம் வற்றினால்தான் அவற்றுக்குப் பிடிக்கும். தும்பைக்குப் போனது முதுகில் மாவு அப்பிக்கொண்டு வரும். வெட்டுக்காயப் பூண்டுக்குப் போனது இரண்டு காலிலும் மஞ்சள் உருண்டை கட்டிக்கொண்டு வரும். மதியத்துக்கு மேல் பழவேற்காடு பக்கமிருந்து கடல்காற்று வீசத் தொடங்கினால், சுமையோடு திரும்புகிறவை தரையை ஒட்டித் தாழப் பறந்து வாசலில் தொப்பென்று விழும். என் டப்பா சாப்பாட்டை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். கேன்டீனில் என் மேஜையில் எப்படியும் யாரும் உட்காருவதில்லை.

மாசியில் ஒருநாள் சம்பந்தமில்லாமல் மழை கொட்டியது. அதோடு மப்பு. இரண்டு நாள் ஒன்றும் வெளியே வரவில்லை. வீட்டில் யாருக்கோ ஜுரம் வந்த மாதிரி அந்த இரண்டு நாளும் எனக்கு வேலை ஓடவில்லை. மூன்றாம் நாள் வெயில் வந்து, தும்பை மறுபடி பூத்து, அவை கிளம்பியபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. சொல்ல ஆளில்லை.

பூ நிறைய இருந்ததால் ராணி விடாமல் முட்டையிட்டாள். பெட்டிக்குள் தொங்கும் மரச்சட்டத்தைத் தூக்கிப் பார்த்தால் தேனடை முழுக்கப் புழுக்கள். பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்: முதல் பூவை நம்பிக் குடும்பம் பெருகும், பெரிய பூ வரும்வரை அந்தத் தீனி அறுந்துவிடக் கூடாது. எங்கள் பக்கம் பெரிய பூ என்றால் வேம்பு. அது பங்குனியில்தான். அதுவரை இந்தத் தும்பைதான் அவற்றுக்குச் சோறு.

பங்குனிக்கு முன்னால் பாதுகாப்பு வாரம் வந்துவிடும். கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு அது தெரியும். கற்களுக்குச் சிவப்பு வெள்ளைப் பெயின்ட், மரத்துக்கு இடுப்புவரை சுண்ணாம்பு, வாசலில் பேனர், மேடையில் உறுதிமொழி. அதற்கு முந்தின வாரமே செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல் பர்சனலிலிருந்து போகவேண்டும். அதை அடிப்பது நான். போன வருடத்துக் கோப்பைத் திறப்பேன், வருடத்தை மட்டும் மாற்றுவேன், மூன்று பிரதி எடுத்துக் கையெழுத்துக்கு வைப்பேன். ஏழு வருடமாக அப்படித்தான். அதில் ஒன்பதாவதோ பத்தாவதோ வரி: காலி இடங்களில் உள்ள செடி, புதர்களை முற்றிலும் அகற்றுதல். பாம்பு வரும் என்று யாரோ எந்தக் காலத்திலோ சேர்த்த வரி.

வருடத்தை மாற்றினேன். பிரதி எடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து டப்பாவோடு அங்கே போனபோது காலி நிலம் மொட்டையாகக் கிடந்தது. வேலிக்காத்தானை வேரோடு பிடுங்கி ஒரு மூலையில் குவித்திருந்தார்கள். தும்பை வெயிலில் வாடிக் கிடந்தது. அதில் மிச்சமிருந்த வெள்ளைப் பூவைத் தேடி நாலைந்து தேனீக்கள் சுற்றிக்கொண்டிருந்தன. யார் வெட்டச் சொன்னது என்று கத்த வாயைத் திறந்தேன். அப்போதுதான் அந்த வரி ஞாபகத்துக்கு வந்தது.

எங்கள் கம்பெனி மட்டும் என்றால் தேனீக்கள் அடுத்த மனைக்குப் போய்ப் பிழைத்திருக்கும். எல்லாக் கம்பெனிக்கும் அதே வாரம்தான். பேட்டை முழுக்க ஒரே சமயத்தில் மழித்துவிட்டார்கள். என்னைப் போல ஒவ்வொரு கம்பெனியிலும் ஒருத்தி வருடத்தை மாற்றியிருப்பாள்.

சர்க்கரைப் பாகு காய்ச்சிக் கொட்டாங்கச்சியில் ஊற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். எறும்பு வந்தது. பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினேன். தேனீக்கள் பாகைக் குடித்தன. ஆனால் புழுக்களுக்கு மகரந்தம் வேண்டும். அதை நான் எங்கே போய்க் காய்ச்சுவது? காலில் மஞ்சள் உருண்டையோடு வருவது நின்றேபோனது. பூ கிடைக்காதவை கேன்டீனுக்குப் போய்க் குடித்துவிட்டு வைத்த டம்ளர்களில் மொய்த்தன.

"உங்க பூச்சிங்கோ டீயில உழுந்து சாவுது மேடம். ஒரே பேஜாரா கீது" என்றார் கேன்டீன் மாஸ்டர். இன்னும் கொஞ்ச நாள்தான், வேம்பு பூத்துவிடும் என்று அவரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தினமும் கேட் பக்கத்து வேப்பமரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். துளிர் வந்திருந்தது. மொட்டு பச்சைக் கடுகாக இருந்தது. பூவைக் காணோம்.

ராணி முட்டையிடுவதை நிறுத்தினாள். இருந்த புழுக்கள் வளர்ந்து வெளியே வர வர அடை காலியாகிக்கொண்டே போனது. இடத்தைக் காலி செய்யப்போகிற குடித்தனம் அரிசி வாங்குவதை நிறுத்துவது போலத்தான் அது என்று எனக்குப் புரியாமல் இல்லை. புரியாத மாதிரி இருந்தேன்.

ஒரு புதன்கிழமை, பதினோரு மணி வெயிலில், ரெக்கார்டு அறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெட்டிக்கு மேலே தேனீக்கள் புகையாகச் சுழன்றன. ஓடினேன். நான் போவதற்குள் சுவரைத் தாண்டி, ஆந்திரா பக்கமாக உயர்ந்து போய்விட்டன. மூடியைத் திறந்தேன். ஒன்றுகூட மிச்சமில்லை. யாரும் பார்த்தால் பார்க்கட்டும் என்று அங்கேயே நின்று அழுதேன்.

அந்தப் பக்கம் பெருக்கிக்கொண்டிருந்த ஒப்பந்த வேலைக்காரப் பெண் கிட்டே வந்தாள்.

"பூடுச்சா மேடம்?"

தலையாட்டினேன்.

"நா அப்பவே வந்து கேட்டன். பூவா கீதே, உங்க பூச்சிங்கோ இங்கதான மேஞ்சிக்கினு கீது, இத்தயும் வெட்னுமான்னு."

"யாரைக் கேட்ட?"

"உங்களத்தான். உங்க டேபிளாண்ட வந்து கேட்டன். லிஸ்ட்ல இன்னா இருக்கோ அத்த செய்யுன்னு சொன்னீங்க. கம்ப்யூட்டரப் பாத்துக்கினே சொன்னீங்க."

எவ்வளவு யோசித்தும் எனக்கு அது ஞாபகம் வரவில்லை. ஆனால் அவள் பொய் சொல்லவில்லை. அது என் வாக்கியம்தான். ஒரு நாளைக்குப் பத்து பேரிடம் சொல்வேன். லீவு ஃபாரத்துக்குத் தவிர என் மேஜைக்கு ஒருவரும் வருவதில்லை என்று அத்தனை வருடமும் மனசுக்குள் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். இவள் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்து, என் தேனீக்களுக்காகக் கேட்டிருக்கிறாள். அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் பச்சை குத்தியிருந்தாள். இரண்டு வருடமாக இங்கேதான் வேலை செய்கிறாளாம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டப்பா கொண்டுவந்திருக்கேன் அக்கா. மணி அடிச்சதும் வாங்க, ஒண்ணா சாப்பிடலாம்" என்றேன்.

"நாங்க அப்பவே சாப்ட்டோம் மேடம்" என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

ஒப்பந்த ஆட்களுக்கும் எங்களுக்கும் ஒரே சாப்பாட்டு மணிதான். அது இன்னும் அடிக்கவில்லை.