ஊசி அக்கா போட்ட பூட்டு

"அனுப்பு" என்ற பொத்தான் நீலமாக மாறவே இல்லை. சாம்பல் நிறத்தில் உயிரில்லாமல் கிடந்தது. அவள் அதை நான்கு முறை அழுத்திப் பார்த்தாள். எத்தனை முறை அழுத்தினாலும் அது வேலை செய்யாது என்பது அவளைவிட வேறு யாருக்கும் நன்றாகத் தெரியாது. அந்த விண்ணப்பப் பக்கத்தை எழுதியதே அவள்தான்.

ஆபீசில் எல்லோருக்கும் அவள் ஊசி அக்கா. முன்பு அவள் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த தையல் கடையில் ஏழு வருடம் வேலை பார்த்தவள். அந்தப் பேர் அங்கிருந்து வந்தது. இன்னொரு காரணமும் உண்டு. நிரலில் பிழை எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும், தையல் பிரிப்பது மாதிரி வரி வரியாகப் பிரித்து வெளியே எடுத்துவிடுவாள்.

கடையில் வாடிக்கையாளர்களின் அளவு நோட்டு ஒரு நாள் மழையில் நனைந்து கூழாகிவிட்டது. இனி இது நனையவே கூடாது என்று அவளுக்கு ஒரு வைராக்கியம். கடையில் தூசி படிந்து கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து வைத்துக்கொண்டு, வீடியோ பார்த்துப் பார்த்து, எட்டு மாதத்தில் ஒரு நிரல் எழுதினாள். ஒருவர் இரண்டாம் முறை வந்தால் பழைய அளவையும் புதிய அளவையும் ஒப்பிட்டுச் சொல்லும். மாடியிலிருந்த சாப்ட்வேர் ஆபீஸ் மேலாளர் பேண்டை லூசாக்க வந்தபோது, "இடுப்பு: ஒரு வருடத்தில் இரண்டு அங்குலம் கூடியிருக்கிறது" என்று திரையில் வந்தது. அவர் வயிற்றைத் தடவிக்கொண்டே கேட்டார்: "யாரும்மா இதை எழுதினது?"

அடுத்த மாதம் அவள் மாடிப்படி ஏறினாள். விண்ணப்பம் இல்லை, தேர்வு இல்லை. என்ன படித்திருக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அவள் படித்தது பள்ளிக்கூடத்தோடு சரி. அவளுக்குப் பின்னால் தம்பி, தங்கை என்று இரண்டு பேர் படிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான் கதை. ஆனால் ஆபீசில் எல்லோரும் அவளுக்குப் பட்டம் இருப்பதாகத் தாங்களாகவே நினைத்துக்கொண்டார்கள். காலேஜ் கதை ஆரம்பித்தால் போதும், அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விடுவாள். நான்கு வருடத்தில் அந்த ஆபீசில் அவள் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்கள் யாரும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் மேலாளர் அவள் மேசைக்கு வந்து நின்றார். "வேலைக்கு விண்ணப்பம் மலையா குவியுதும்மா. டிகிரி கேக்குற கட்டத்தைக் கட்டாயமாக்கிடு. இல்லாதவங்க அங்கயே நின்னுடுவாங்க."

"சரி சார்" என்றாள். பத்து நிமிட வேலை. பட்டங்களின் பட்டியல் ஒன்று போட்டாள். அதில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் பொத்தான் நீலமாகும். "எதுவும் இல்லை" என்று ஒரு வரி பட்டியலில் கிடையாது. பக்கத்தில் சிவப்பில் எழுதினாள்: "இது இல்லாமல் மேலே செல்ல இயலாது." முடித்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

இப்போது குழுத் தலைவர் பதவி காலியாகியிருக்கிறது. ஆபீசுக்குள் இருப்பவர்களும் அதே பக்கத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும், வெள்ளிக்கிழமை மாலைக்குள். இன்று புதன்கிழமை. அந்தப் பதவிக்கு அவள் ஆசைப்பட்டாள். அவளுக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் வேலை கற்றுக்கொடுத்தது அவள்தானே.

அவள் கணவர் பள்ளி வேன் ஓட்டுபவர். சாயங்காலம் வாசலில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"உன் கையால போட்ட பூட்டு! சாவி உன்கிட்ட இல்லையா?"

"இருக்குங்க. அதான் தொந்தரவே."

சோதித்துப் பார்ப்பதற்காக அவள் அன்று ஒரு பின்வாசல் வைத்திருந்தாள். பெயருக்கு முன்னால் ஊசி என்று சேர்த்து எழுதினால் பக்கம் பட்டத்தைக் கேட்காமலே விட்டுவிடும். வேலை முடிந்ததும் எடுத்திருக்க வேண்டும். தைத்து முடித்த சட்டைக்குள் குண்டூசியை மறந்து விட்டுவிட்டுக் கொடுப்பது மாதிரி, மறந்துவிட்டாள்.

"அப்புறம் என்ன? அந்த வழியா போயிடு. யாருக்குத் தெரியப் போகுது?"

"யாருக்கும் தெரியாதுதான்."

அவர் துணியைப் பிழிந்தார். பிறகு வேனின் முன்பக்கத்தைக் காட்டினார். "கதவு சரியா சாத்தலைன்னா இங்க சிவப்பு விளக்கு எரியும். ஒயரைப் பிடுங்கிட்டா எரியாது. எனக்கும் பிடுங்கத் தெரியும். ஆனா உள்ள பிள்ளைங்க இருக்காங்களே..."

"இப்பதான் போன்னு சொன்னீங்க?"

"சொன்னேன். சொன்னப்புறம் யோசிச்சேன். நீயும் அப்படித்தானே பண்ணியிருக்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தூக்கம் மட்டும் சரியாக வரவில்லை. பின்வாசல் அவளுக்குத் தெரியும். தெரியாமல் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர்?

வியாழக்கிழமை காலை அதை எண்ணிப் பார்த்தாள். பாதியில் விட்ட விண்ணப்பத்தை அந்தப் பக்கம் பத்திரமாக வைத்திருக்கும். அதுவும் அவள் செய்த ஏற்பாடுதான். எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டு, பட்டக் கட்டத்தில் மட்டும் நின்றுபோனவர்கள் இருநூற்று எண்பத்தாறு பேர். கடைசியாக இருந்தது அவளுடைய விண்ணப்பம்.

ஒவ்வொன்றாகப் படித்தாள். நகல் எடுக்கும் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் எழுதியிருந்தாள்: "கடைக்கு வருபவர்கள் யார் முதலில் என்று சண்டை போடாமல் இருக்க ஒரு நிரல் எழுதினேன். இப்போது அவர்களுக்குள் சண்டை இல்லை. என்னோடு மட்டும்தான் சண்டை." அவள் இணைத்திருந்த நிரலைத் திறந்து பார்த்தாள். நேர்த்தியான கை. பதினான்கு மாதமாக அங்கேயே கிடக்கிறது. ஊசி அக்காவுக்குக் கண் கலங்கியது.

பட்டம் வெறும் காகிதம் என்று அவள் என்றைக்கும் நினைத்ததில்லை. பக்கத்து மேசையில் இருப்பவள் காலேஜில் முதலாவதாக வந்தவள். அதனால் அவள் பேர் தங்கப்பதக்கம். ஊசி அக்கா எழுதிய நிரல் ஒன்று பேருந்து நேரங்களை வரிசைப்படுத்த நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டபோது, "இது இரண்டாம் வருஷப் பாடம்க்கா" என்று சொல்லிச் சில விநாடிகளாகக் குறைத்துக் காட்டியவள் அவள். அந்த ஒரு பாடத்தை ஊசி அக்கா வீட்டில் மூன்று வாரம் தனியாக உட்கார்ந்து படித்தாள். காலேஜில் யாராவது ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அந்த வித்தியாசம் அவளுக்குத் தெரியும்.

ஆனாலும் பூட்டைக் கழற்றினாள். குண்டூசியையும் எடுத்தாள்.

அந்த ஆபீசில் நிரலில் எதை மாற்றினாலும் ஏன் என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். இன்னொருவர் பார்த்துச் சரி சொன்னால்தான் மாற்றம் உள்ளே போகும். குறிப்பை ஆபீசில் உள்ள பதினொரு பேரும் பார்ப்பார்கள். வழக்கமாக ஒரு வரியில் முடிப்பவள் அன்று நீளமாக எழுதினாள்:

"இந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கியது நான். இதனால் இருநூற்று எண்பத்தாறு பேர் பாதியில் நிற்கிறார்கள். நாம் கூப்பிட்டுப் பேசியிருக்க வேண்டியவர்கள் அவர்களில் பலர். சோதனைக்காக நான் வைத்து மறந்த பின்வாசலையும் எடுத்துவிட்டேன். எனக்குப் பட்டம் இல்லை. இருநூற்று எண்பத்தாறாவது ஆள் நான்."

கடைசி இரண்டு வரிகளை ஒரு முறை அழித்தாள். திரும்ப எழுதினாள். அனுப்பினாள்.

அறையில் தட்டச்சுச் சத்தம் ஒவ்வொரு மேசையாக நின்றது. பாட்டிலைப் பார்த்தாள். அது நிறைந்திருந்தது. போவதற்கு இடமில்லை.

மேலாளர் கூப்பிட்டார். "ஏம்மா, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கல சார்."

"பேண்டு லூசாக்க வந்தவன் டிகிரி கேட்டா நல்லாவா இருக்கும்?" என்று சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அன்னைக்கு நான் வந்து இதைக் கட்டாயமாக்கச் சொன்னப்ப என்னம்மா பண்ணின?"

"செஞ்சு முடிச்சுட்டுத் தண்ணி பிடிக்கப் போனேன் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"ஒருத்தர் என்ன படிச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியணும்மா. படிப்பு ஒண்ணும் வீண் இல்ல."

"கட்டத்தை எடுக்கல சார். கட்டாயத்தைத்தான் எடுத்திருக்கேன்."

"மறுபடியும் மலையா குவியும். யாரு படிக்கிறது?"

"நான் படிக்கிறேன் சார்."

"சரி. மாத்தினதை வழக்கம்போல யாராவது பாத்துச் சரி சொல்லட்டும். நான் குறுக்க வரமாட்டேன்."

திரும்பி வந்தபோது தங்கப்பதக்கத்திடமிருந்து குறிப்புக்குப் பதில் வந்திருந்தது: "ஒரு இடம் விட்டுப்போயிருக்கிறது அக்கா. 'இது இல்லாமல் மேலே செல்ல இயலாது' என்ற சிவப்பு வரி இன்னும் இருக்கிறது. அதையும் எடுத்தால்தான் சரி சொல்வேன்."

எடுத்தாள். உடனே ஒப்புதல் வந்தது. தங்கப்பதக்கம் நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"இனிமே நாங்க காலேஜ் கதை பேசினா எழுந்து போவாதீங்கக்கா. இத்தனை நாளா உங்களுக்கு உடம்புல ஏதோ சூடுன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

"அதுக்குத்தான் மோர் குடிங்க, மோர் குடிங்கன்னு சொன்னியா?"

"பின்ன?"

இருவரும் சிரித்த சிரிப்பில், நின்றிருந்த தட்டச்சுச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

பாதியில் விட்ட எல்லோருக்கும் அன்று மாலையே ஒரு கடிதம் போனது: "தடை எங்கள் பக்கம் இருந்தது. மன்னிக்க வேண்டும். நீங்கள் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்."

வெள்ளிக்கிழமை மதியம் தன் விண்ணப்பத்தைத் திறந்தாள். பட்டக் கட்டத்தைத் தொடாமல் விட்டாள். பொத்தான் நீலமாக இருந்தது. அழுத்தினாள். பாதியில் நிற்பவர்களின் எண்ணிக்கை இருநூற்று எண்பத்தைந்து ஆனது.

பதவி கிடைக்குமா என்று தெரியாது. கேள்வி கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்லலாம், தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். அது போதும் என்று தோன்றியது. திரையை மூடப் போனாள்.

எண் இருநூற்று எண்பத்து நான்காக மாறியது.

யார் என்று திறந்து பார்த்தாள். நகல் கடைப் பெண். பழைய விண்ணப்பத்தின் கடைசியில் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தாள்: "இந்தப் பதினான்கு மாதத்தில் அந்த நிரலை இன்னும் கொஞ்சம் நன்றாக எழுதியிருக்கிறேன். பழையதைப் பார்க்க வேண்டாம்."