பேச்சியம்மாள் அக்கா கொடுத்த பாதி ஈரல்

ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்று ஸ்கேனில் வந்திருந்தது. நாங்கள் தினமும் பார்க்கிற சங்கதிதான். ஆனால் இது மாற்றி வைத்து இரண்டு வருடம்கூட ஆகாத ஈரல்.

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் இசக்கிமுத்து அண்ணாச்சிக்கு அதைத் தன்னிடமிருந்து பாதி வெட்டிக் கொடுத்தவர், அவர் மனைவி பேச்சியம்மாள் அக்கா. ஆபரேஷன் மதுரையில். மாதாமாதம் ஃபாலோ-அப் மட்டும் சங்கரன்கோவிலில், எங்கள் கிளினிக்கில். நான் அங்கே டயட்டீஷியன்.

எடை ஏறிக்கொண்டே போனது. இதுவரை இல்லாத சுகர் வந்திருந்தது. பிரஷரும் கூடவே. டாக்டர் பார்த்துவிட்டு இருவரையும் என்னிடம் அனுப்பினார்.

"சீனிய வீட்டுக்குள்ளயே விடுதது இல்ல தாயி," என்றார் அக்கா. "வெறும் கருப்பட்டிக் காப்பிதான்."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"அவிய கேக்கும்போதெல்லாம்."

"நான் எங்கட்டி கேட்டேன்? நீயா கொண்டாந்து நீட்டுத," என்றார் அண்ணாச்சி.

விசாரித்தால், உளுந்தங்களி, மதியம் மறுசோறு, சாயங்காலம் முந்திரிக்கொத்து. எல்லாம் வீட்டில் செய்தது. வெளிச்சாப்பாடு ஆகாது என்று ஆபரேஷன் முடிந்ததும் சொன்னதை, வீட்டுச் சாப்பாடு எவ்வளவும் ஆகும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கருப்பட்டியும் சுகரை ஏற்றும் என்றேன். ஈரல் மாற்றியவர்கள் சாப்பிடும் சில மாத்திரைகளாலேயே சுகரும் எடையும் ஏறலாம். சாப்பாடும் சேர்ந்தால் புது ஈரலிலும் கொழுப்பு படியும் என்றேன்.

அண்ணாச்சி டக்கென்று நிமிர்ந்தார். "மாத்திரையால வர்ற வெனையா? அத நிறுத்திட்டா சோலி முடிஞ்சுதுல்லா?"

"ஐயோ அண்ணாச்சி! நிறுத்தினா அக்கா கொடுத்த ஈரலை உங்க உடம்பே தள்ளிரும். மாத்திரையக் கூட்டுறதும் குறைக்கிறதும் டாக்டர் வேலை. நம்ம வேலை தட்டுலதான்."

அக்காவின் கை சேலைக்கு மேலே, வயிற்றில் தையல் போட்ட இடத்தில் இருந்தது.

"எங்கிட்ட இருந்து போகும்போது சுத்தமாத்தான போச்சு," என்றார் மெதுவாக. "நானே குடுத்து, நானே கெடுத்துட்டேனா?"

ஏன் இவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"ஆபரேஷன் முடிஞ்ச புதுசுல பாக்க வந்தவ எல்லாம், 'பேச்சி, வீட்டுக்காரர இப்படிக் காயப் போட்டுட்டியே'ன்னாளுவ. நான் அறுத்துக் குடுத்தது யாரு கண்ணுக்குத் தெரிஞ்சுது? அவிய கன்னம் ஒட்டிக் கெடந்ததுதான தெரிஞ்சுது."

அண்ணாச்சி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஏட்டி, சொல்லிருந்தா நானே வாயக் கட்டிருப்பேன்லா."

வழக்கமாகக் கொடுக்கும் டயட் சார்ட்டை ஓரமாக வைத்தேன். "நீங்க என்னக்கா சாப்பிடுதீய?"

"அவிய தின்ன பொறவு, இருக்கத."

"இனிமே ரெண்டு பேரும் ஒரே நேரம், ஒரே சாப்பாடு. உங்க ஈரல் இப்ப ரெண்டு இடத்துல இருக்கு. ரெண்டையும் நீங்கதான் பாக்கணும்."

ஒரு அகப்பை சோறு, தட்டில் பாதிக்குக் காய், பயறு, மீன் குழம்பு, சாயங்காலம் இருவருமாக நடை என்று எழுதிக் கொடுத்தேன். டாக்டர் மதுரையில் பேசி மாத்திரை அளவைச் சரி செய்தார். அடுத்தடுத்த மாதங்களில் சுகர் இறங்கியது, எடையும்தான். கொழுப்பு முழுதாகப் போகவில்லை, குறைந்துகொண்டிருக்கிறது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று: ஒரு சாப்பாட்டை நிறுத்தச் சொல்லும் முன், அதை யார், எதற்குப் பயந்து ஊட்டுகிறார்கள் என்று கேளுங்கள். அந்தப் பயம் தீராமல் எந்த சார்ட்டும் அடுப்படிக்குள் நுழையாது.

போன வாரம் கிளினிக் வாசலில், பனவடலிசத்திரத்துச் சொந்தக்காரம்மா ஒருவர் அக்காவைப் பிடித்துக்கொண்டார். "என்ன பேச்சி, அண்ணன் இப்படி உருகிட்டாவ?"

அக்கா சிரித்தார்.

"மெலிஞ்சது அவிய, மதினி. உள்ள இருக்கது நான். நான் நல்லாத்தான் இருக்கேன்."