முதலிடத்துக்கே திரும்பிய பெயர்

கடந்த சிறுபோக நெல் விதைப்புக்கு முந்திய வாரம், ஸ்கந்தபுரத்தை அண்டிய எங்கள் கமக்காரர் அமைப்பின் அலுவலகத்தில் இது நிகழ்ந்தது. குளத்தில் நீர் குறைந்திருந்தமையால், மறுநாட் கூட்டத்தில் வாசிக்கப்படும் பட்டியலில் உள்ள வயல்களுக்கு மாத்திரமே தண்ணீர் என்று தீர்மானமாயிருந்தது. அப்பட்டியலைக் கணினியில் ஆக்கும் பொறுப்பு என்னுடையது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான், இவ்வித்தையைப் புத்தகங்களைப் பார்த்தே கற்றவன்.

பிரதான அட்டவணை பெருத்துவிட்டதால், அதை வாய்க்கால்வாரியாகச் சிறு அட்டவணைகளாகப் பிரித்திருந்தேன். பிரதான அட்டவணைக்கு ஒரு பெயர் வந்தவுடன், தானாகவே விழித்து அதை உரிய வாய்க்காலின் அட்டவணைக்கு அனுப்பும் கட்டளையொன்றையும் எழுதியிருந்தேன். டிரிகர் என்பார்கள். காலையிலிருந்து ஏற்றிய பெயர்கள் யாவும் பிசகின்றித் தத்தம் இடத்தில் அமர்ந்தன. எனக்குச் சற்றே செருக்கும் உண்டாயிற்று.

பிற்பகலில் ஒரு பெண்மணி வந்தார். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். வாய்க்கால் முடியும் இடத்துக்கும் அப்பால் பற்றைக்காடு வெட்டித் திருத்திய வயல். எந்த வாய்க்காலுக்கும் உரியதென்று அது குறிக்கப்பட்டிருக்கவில்லை. அவர் பெயரை ஏற்றினேன். திரை உறைந்து நின்றது; பின்னர், கட்டளை தன்னைத்தானே அளவு மீறி அழைத்துவிட்டதென்று பிழை காட்டியது. மூன்று முறை முயன்றும் அதுவே.

"அண்ணை, உந்தப் பெட்டியை மூடிப்போட்டுக் கொப்பியிலை எழுதுங்கோவன்" என்று செயலாளர் சிரித்தார். கொப்பியில் எழுதினால் பட்டியலில் பெயர் வராது.

பெண்மணி சிரிக்கவில்லை. "வாய்க்கால் இல்லாத ஆளுகள இது எங்கங்க ஐயா அனுப்புது?"

"திரும்பப் பிரதான அட்டவணைக்குத்தான், அம்மா."

"அங்கயிருந்து?"

நான் கட்டளையின் வரிகளைத் திரையில் திறந்தேன்.

"எங்களுக்குப் பழகின கததான். இந்தக் கந்தோர்ல கேட்டா அந்தக் கந்தோருக்குப் போம்பாங்க. அங்க போனா திரும்ப இங்கயே அனுப்புவாங்க. ஒரு எடத்துலயும் ஒக்காரச் சொல்ல மாட்டாங்க."

பிழை அப்போதுதான் என் கண்ணிற் பட்டது. வாய்க்கால் குறிக்கப்படாத பெயரைப் பிரதான அட்டவணையிலேயே மீண்டும் இடுமாறு நானே எழுதியிருந்தேன். பெயர் அங்கு விழுந்ததும் அதே கட்டளை மறுபடி விழிக்கும். மறுபடி அங்கேயே இடும். அதற்கு முடிவேது?

வாய்க்கால் தீர்மானிக்கப்படாத வயல்களுக்கென ஒரு தனி அட்டவணை அமைத்தேன். அத்தகைய பெயர்களை நேரே அதில் இட்டுவிட்டு, பிரதான அட்டவணையில் எதுவும் எழுதாமல் நின்றுவிடுமாறு கட்டளையைத் திருத்தினேன். இம்முறை பெயர் நொடியில் பதிந்தது.

"இனி அழியாதுங்களே?" என்று அவர் இருமுறை கேட்டார்.

"ஓம் அம்மா, அழியாது."

மறுநாள் அந்தத் தனிப்பட்டியலும் வாசிக்கப்பட்டது. சிறிது வாக்குவாதம் எழுந்தது. முடிவில், கடைசி வாய்க்காலிலிருந்து கிளையொன்று வெட்டி அவ்வயலுக்கும் நீர்முறை வழங்கக் கூட்டத்தார் இணங்கினர்.

அன்றுதொட்டு எந்தக் கட்டளையை எழுதினாலும், எந்தப் பிரிவிலும் அடங்காதவருக்கான இடத்தை அமைத்த பின்னரே மற்றவர்களிடம் வருகிறேன். அப்பாடத்தைப் புகட்டியவர் கணினி பயின்றறியாத ஒருவர் என்பதை நினைக்குந்தோறும், என் கல்வி இன்னும் முடியவில்லை என்று மகிழ்கிறேன்.