உதட்டைப் பார்க்கிற மேடம்

பல்கலைக்கழகத்தின் அந்தத் துறை அலுவலகத்தில் அவளுக்குத் துருவல் அக்கா என்று பெயர். யார் விடுப்புக் கேட்டாலும் ஏன், எதற்கு, வீட்டில் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று துருவித் துருவிக் கேட்பாள். எல்லாம் கேட்டு முடித்த பிறகும் நம்பியதாக முகத்தில் காட்டமாட்டாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. தானே ஒன்றைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பவளுக்கு ஊரே எதையோ மறைப்பதாகத்தானே தோன்றும்?

அவள் மறைத்தது இதுதான்: எழுத்து அவளுக்கு அடங்காது. வரி தாவும், எண்கள் இடம் மாறி உட்காரும். உதட்டை அசைத்து ஒரே வரியை மூன்று முறை படித்தால்தான் தலைக்குள் இறங்கும். புதுச் சுற்றறிக்கை வந்தால் படமெடுத்துத் தையல் கடையிலிருக்கும் கணவருக்கு அனுப்புவாள். அவர் வாசித்துப் பதிவுசெய்து அனுப்புவார். தையல் எந்திரச் சத்தத்துக்கு நடுவே வருகைப்பதிவு விதிகளைக் கோப்பு அறையில் நின்று கேட்டுக்கொள்வாள். பதினோரு வருடம் இப்படியே வண்டி ஓடியது.

அப்போதுதான் ஆதரவுச் சேவை அலுவலராக ஒரு மேடம் வேலைக்கு வந்தார். உடல் குறைபாடோ, மனநலச் சிக்கலோ, படிப்பதில் கவனிப்பதில் வித்தியாசமோ இருந்தால், மாணவரானாலும் ஊழியரானாலும், என்ன உதவி வேண்டுமென்று ஒரு படிவத்தில் எழுதித் தரலாம், யாருக்கும் எந்தப் பங்கமும் வராது என்று அறிவித்தார். பங்கம் வராது என்று ஒருவர் தானாக வந்து சொன்னாலே அதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்பது அக்காவின் கட்சி. ஆளைக் கண்டுபிடித்துக் கழித்துக்கட்டத்தான் இந்தப் படிவம் என்று முடிவுகட்டினாள்.

மேடத்தின் நடவடிக்கையும் சரியாக இல்லை. போன் அடித்தால் எடுக்கமாட்டார், செய்தி அனுப்பச் சொல்லுவார். பேசும்போது கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்ப்பார். அக்கா எதையாவது படிக்க ஆரம்பித்தால் போதும், எதிர் மேசையிலிருந்து அவள் உதட்டையே கண்கொட்டாமல் பார்ப்பார். அக்கா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு படித்துப் பார்த்தாள், ஒன்றும் ஏறவில்லை. கடைசியில் சளி பிடித்திருப்பதாகச் சொல்லி முகக்கவசம் மாட்டிக்கொண்டு வந்தாள். அன்றைக்கென்று மேடம் மூன்று தரம் வந்து, சொன்னதையே திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு, கொஞ்சம் எழுதிக் கொடுங்களேன் என்று தாளை நீட்டினார். எழுத வைத்துப் பரீட்சை பார்க்கிறாள் என்று அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்தப் பதற்றத்தில் அடித்த தேர்வு அட்டவணையில்தான் தப்பு நேர்ந்தது. சக்கர நாற்காலியில் வரும் மாணவனுக்குத் தரைத்தளத்தில் 12ஆம் அறை. அக்கா 21 என்று அடித்துவிட்டாள். அது இரண்டாவது மாடி, மின்தூக்கியும் கிடையாது. தேர்வன்று அவன் படிக்கட்டடியில் அரைமணி நேரம் காத்திருந்தான். பிறகு இரண்டு பேர் அவனை மூட்டை மாதிரித் தூக்கிக்கொண்டு போனார்கள். அட்டவணையைப் பலகையில் ஒட்டிய அட்டெண்டர்தான் ஏதோ பழைய தாளை மாற்றி ஒட்டிவிட்டார் என்று நினைத்து, துறைத்தலைவர் அவருக்கு மெமோ கொடுக்கச் சொன்னார்.

அட்டெண்டர் அக்காவிடம் வந்து நின்றார். "அக்கா, நீங்க குடுத்ததத்தானே ஒட்டினேன்? எனக்கே சந்தேகமா இருக்கு."

தப்பே செய்யாத மனுஷன் தன்னையே சந்தேகப்படுவதை அக்காவால் பார்க்க முடியவில்லை. நேரே மேடத்தின் மேசைக்குப் போய் முகக்கவசத்தைக் கழற்றினாள்.

"பன்னெண்ட இருபத்தொண்ணுன்னு அடிச்சது நான்தான். எனக்கு ஒழுங்காப் படிக்க வராது. இதுக்குத்தானே இத்தன நாளா என் வாயையே நோட்டம் விட்டீங்க? எழுதிக்கோங்க."

மேடம் காதோர முடியை ஒதுக்கிக் காட்டினார். இரண்டு காதிலும் கருவி இருந்தது.

"உதட்டப் பார்த்தாத்தான் எனக்குப் பேச்சு புரியும். கூட்டத்துல பாதி விஷயம் எனக்குக் கேக்கவே கேக்காது. நீங்க சுற்றறிக்கை படிக்கிறப்போ உங்க வாயப் பார்த்துத்தான் ஆபீஸ்ல என்ன நடக்குதுன்னே தெரிஞ்சுக்குவேன்."

அக்கா லேசில் விடவில்லை. தலைவருக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாதாம். படிவம் எழுதிக் கொடுத்தாரா? இல்லையாம்.

"பங்கம் வராதுன்னு எங்ககிட்ட சொன்னீங்களே?"

"சொன்னேன். எனக்கே நம்பிக்கை இல்ல."

அக்காவுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, எழுத்தெழுத்தாகத் தன் படிவத்தை நிரப்பினாள். மாணவனுக்கு நடந்ததையும், அது தன் தப்பு என்பதையும் அதிலேயே சேர்த்தாள். பிறகு இன்னொரு படிவத்தை மேடத்தின் பக்கம் தள்ளினாள். மேடம் அதைப் பார்த்தபடியே, நாளைக்குத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாக முணுமுணுத்தார். அவர் முகத்தைத் தூக்கும்வரை அக்கா காத்திருந்தாள்.

"இப்பவே எழுதுங்க மேடம். ரெண்டையும் நானே கொண்டுபோய்க் குடுக்கிறேன். உங்கள நம்பி இத விட்டுட்டுப் போக முடியாது."