முனீப்பின் கறுப்புத் துணி

உடைந்ததைச் சரிசெய்ய, உடைத்தவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டுமா? கலாநிதிப் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்யும் முனீப் இந்தக் கேள்வியை ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நிற்பவர்களுக்கு அது தானாகவே தோன்றிவிடும்.

பட்டப்பகலில் ஆய்வுகூட யன்னல்களை அடைத்துவிட்டு, ஒரு சிவப்பு மின்குமிழின் கீழே குனிந்து நிற்கிறார். வெளியே திருகோணமலை வெயில் தெருத் தாரை இளக்குகிறது. மேசையில் வட்டக் கண்ணாடிக் கிண்ணங்கள். அவற்றில் நிலாவெளி உப்பளத்துச் சேற்றிலிருந்து எடுத்து வளர்த்த பற்றீரியா. அவற்றின் மேல் ஊதாக் கடந்த கதிரை, அதாவது புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி, உடனே கறுப்புத் துணியால் மூடுகிறார். மனைவி லைலாவின் பழைய அபாயா அங்கியிலிருந்து வெட்டிய துணி அது. "இதுக்குள்ள ஊசி முனையளவு வெளிச்சமும் போகாது" என்பார், தானே நெய்தது போல.

அந்தக் கதிர் பற்றீரியாவின் டி.என்.ஏ. இழையைச் சிதைக்கும், சில இடங்களில் இழை அறுந்தும் போகும். அப்போது ஒரு புரதம் அறுந்த முனையைச் சுற்றிப் படர்ந்துகொள்கிறது. அதே வரிசையுள்ள முழு இழை ஒன்றைத் தேடிப் பிடித்து, இரண்டையும் அருகருகே நிறுத்துகிறது. முழுமையானதைப் பார்த்து அறுந்தது நிரப்பப்படுகிறது. யார் அறுத்தது என்று அந்தப் புரதம் விசாரிப்பதில்லை.

ஆய்வுகூட உதவியாளர் தம்பிராசா சல்லி என்ற கடற்கரை ஊரில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். இந்த விளக்கத்தைக் கேட்டபோது, "பக்கத்துக் கண்ணைப் பார்த்துத்தானே சேர் நாங்களும் அறுந்த வலையைப் பொத்துறம்" என்றார். முனீப் சற்று யோசித்து, "கிட்டத்தட்ட" என்றார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய ஆகப்பெரிய பாராட்டு அதுதான். எதையும் மூன்று தரம் பார்க்காமல் நல்லது என்றோ கெட்டது என்றோ அவர் சொல்வதில்லை. "கறி எப்பிடி எண்டு கேட்டாலும் மூண்டு தரம் போட்டுச் சாப்பிட்டுத்தான் சொல்லுவார், அதுக்குள்ள சட்டி காலி" என்று லைலா தங்கள் ஊரான கிண்ணியாவில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகைக்குப் போகும்போது, தம்பிராசா கூட்டித் துடைப்பதற்காக அறைச் சாவியைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை கதிர் பாய்ச்சி மூடிய கிண்ணங்களில்தான் அந்த அதிசயம் நடந்தது. அவற்றில் இருந்தவை, அந்தப் புரதத்தை உண்டாக்கவே முடியாதபடி முனீப் மாற்றியிருந்த பற்றீரியா. செத்திருக்க வேண்டும். ஆனால் கிண்ணம் நிறைய வெண்புள்ளிகளாக உயிரோடு முளைத்திருந்தன. கண்டியிலிருந்த பேராசிரியர் தொலைபேசியிலேயே துள்ளினார். உலகத்துக்கே புதிய செய்தி, உடனே எழுது, உன் கலாநிதிப் பட்டம் இந்த வருடமே முடிந்துவிடும் என்றார். முனீப் சொன்னது ஒரு சொல்தான்: "பார்ப்பம்."

திரும்பச் செய்தார், எல்லாம் செத்தன. மீண்டும் செய்தார்; அப்போதும் செத்தன. பால் விடாத பிளேன்ரீயைக் கையில் வைத்துக்கொண்டு, ஆறும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம்பிராசாவைக் கூப்பிட்டார்.

"அண்ணன், அந்த வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்குப் போன நேரம் இஞ்ச என்ன நடந்தது?"

தம்பிராசா கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைச் சுவரில் சாய்த்தார். "மூடியெல்லாம் வேர்த்துக் கிடந்தது சேர். ஈரம் பிடிச்சாப் பழுதாப்போயிடும் எண்டு, துணியை எடுத்துப்போட்டு யன்னலடியில வெயிலுக்கு வச்சனான்."

"கருவாடு மாதிரி."

"ஓம் சேர், கருவாடு மாதிரித்தான். பிறகு பழையபடி மூடியும் விட்டனான்."

முனீப் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் நெற்றியைத் தேய்த்தார். "அதுகளிட்ட வேறயும் ஒரு புரதம் இருக்கு அண்ணன். வெளிச்சம் பட்டால்தான் அது எழும்பும். எழும்பிச் சிதைஞ்சதை நேராக்கிப்போடும். அதுக்குத்தான் இந்தத் துணி."

"அப்ப அதுகளைக் காப்பாத்தினது நானா?"

"நீங்கள்தான். என்னைத்தான் கவுத்துப் போட்டீங்கள்."

தம்பிராசாவுக்குச் சிரிக்க ஏலவில்லை. தற்காலிக வேலை. முந்திய வருடம் ஒரு கருவியைக் கீழே போட்டு உடைத்ததற்காக எச்சரிக்கை வாங்கியிருந்தார். இன்னொரு முறைப்பாடு வந்தால் நிரந்தர நியமனத்தை மறந்துவிடலாம் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். "சேர், என்ர விசயம்..." என்று தொடங்கினார்.

முனீப் அங்கேயே நின்று பேராசிரியரை அழைத்தார். "சேர், அந்த முடிவு பிழை. கிண்ணங்களில வெளிச்சம் பட்டிருக்கு."

அடுத்த முனையிலிருந்து பேராசிரியரின் குரல், தம்பிராசாவின் காதுக்கும் எட்டும்படி: "துணியை எடுத்தது யார்?"

"நான்தான் சேர்."

மூன்று தரம் பார்க்காமல் கறியைக்கூட நல்லதென்று சொல்லாத மனிதர் அதை ஒரே தரத்தில் சொல்லிவிட்டார். உண்மைக்காக, இந்த வருடமே கிடைக்கவிருந்த பட்டத்தைக் கைவிட்ட அதே மூச்சில் ஒரு பொய். அங்கிருந்து வந்த ஏச்சு முழுவதற்கும் "ஓம் சேர், ஓம் சேர்" என்றார். தொலைபேசியை வைத்த பிறகு தம்பிராசாவின் முகத்தைப் பார்க்கவில்லை. வெயில்பட்ட கிண்ணங்களைக் கையிலெடுத்து, "இதுகளை எறிய வேண்டாம் அண்ணன். இருட்டில எழும்பிறதையும் வெளிச்சத்தில எழும்பிறதையும் இனிச் சேர்த்துப் பார்ப்பம்" என்றார். குரலில் களைப்பு இருக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை புதிய கிண்ணங்களுக்குக் கதிர் பாய்ச்சினார். கறுப்புத் துணியை இழுத்து மூடி, ஓரங்களைச் செருகினார். தொப்பியைச் சட்டைப் பையில் வைத்தார். சாவியை எடுத்து, எப்போதும்போல அந்த ஆணியில் மாட்டிவிட்டு, மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார்.